காதை உரசி மாட்டிய பிரேக் பேட், பாபநாசம் இறக்கத்தில் காலை வாரியது

நெல்லைப் பக்கம் கார் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பாளையங்கோட்டையில் ஒரு ஒர்க் ஷாப்பில் முன் சக்கர பிரேக் பேட் (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற தட்டை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கிற கட்டை) மாற்றினேன். அதிலிருந்து 16ஆம் நாள், அம்மா, வீட்டுக்காரி, பிள்ளைகள் இரண்டு பேரோடு சொரிமுத்து அய்யனார் கோவிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது மலை இறக்கத்தில் பிரேக் மிதி தரையோடு போய்விட்டது. யாருக்கும் அடி இல்லை. கடைப் பெயரைப் போடவில்லை, புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும்.

வண்டி 2014 மாடல் டீசல். பேட் தேய்ந்து கிறீச்சென்று சத்தம் வந்ததால் விட்டேன். ஏற்கெனவே இரண்டு தடவை ஆயில் சர்வீஸ் செய்த கடைதான், அதனால் பக்கத்தில் நின்று பார்க்கவில்லை. சாயங்காலம் போனால் வண்டி ரெடி. துண்டுச் சீட்டில் 'பிரேக் ஒர்க் 4,200' என்று மட்டும் எழுதியிருந்தது, என்ன கம்பெனி பேட், என்ன நம்பர், ஒன்றும் இல்லை. பழைய பேட் எங்கே என்று கேட்டதற்கு ஸ்கிராப்பில் போட்டாச்சே என்றார். சரி என்று வந்துவிட்டேன்.

மறுநாளே வண்டி லேசாக இடது பக்கம் இழுத்தது. இடது முன் சக்கர ரிம்மில் மட்டும் கரித்தூள் அப்பியிருந்தது, டவுனுக்குப் போய் வந்து கையை வைத்தால் அந்த ரிம் தோசைக்கல் மாதிரி கொதித்தது. போன் பண்ணினேன். "புது பேட்டுல்லா அண்ணாச்சி, ஐநூறு கிலோமீட்டர் ஓடட்டும், செட்டாயிரும்" என்றார். இதில்தான் ஏமாந்தேன். புது பேட் டிஸ்கோடு பொருந்தி வர சில நூறு கிலோமீட்டர் ஆகும் என்பது உண்மைதான், எனக்கே தெரியும், ஆனால் ஒரு சக்கரம் மட்டும் கொதிப்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் தாண்டி பாபநாசம் செக்போஸ்ட் வரை ஒரு தொந்தரவும் இல்லை, ஏறும்போதும் இல்லை. சாமி கும்பிட்டு, ஆற்றில் காலை நனைத்து, மூன்று மணிக்குமேல் இறங்க ஆரம்பித்தோம். என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது கியரில் இறங்க வேண்டிய இடத்தில் மூன்றாவதில் வைத்துக்கொண்டு வளைவுக்கு வளைவு பிரேக்கைத் தொட்டபடியே வந்தேன். பாதி இறக்கத்தில் அம்மா, "எய்யா, என்னமோ தீயுத வாடை அடிக்குல்லா?" என்றாள். யாரோ சருகு எரிக்கிறார்கள் என்று நினைத்தேன். அடுத்த வளைவில் மிதித்தால் கால் பஞ்சில் அழுந்துகிற மாதிரி இறங்கியது, இரண்டாவது மிதியில் தரையைத் தொட்டது. கியரை இரண்டு, ஒன்று என்று இறக்கி, ஹேண்ட் பிரேக்கின் பொத்தானை விடாமல் அமுக்கிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, வண்டியை மலைப் பக்கமாக ஒதுக்கிப் பாறையை ஒட்டிய ஓடையில் இடது சக்கரத்தை இறக்கி நிறுத்தினேன். பின் சக்கரத்தை ஹேண்ட் பிரேக் கேபிள் வழியாகப் பிடிக்கிறது, கால் பிரேக் மாதிரி ஆயிலை நம்பி இல்லை, அதனால்தான் அது வேலை செய்தது. ஒரேயடியாக வெடுக்கென்று இழுத்திருந்தால் பின்பக்கம் சுற்றியிருக்கும்.

பின்னால் வந்த வேனிலிருந்து ஒரு பையன் தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்தான், சக்கரத்திலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. நானும் ஊற்றட்டும் என்றுதான் நின்றேன். அந்த வேன் டிரைவர்தான் "ஏல, ஊத்திராத! டிஸ்க்கு கோணிரும்" என்று கத்தினார். அரை மணி நேரத்துக்குமேல் அப்படியே விட்டோம், குரங்குகள் வந்து பிரசாதப் பையை உருவிக்கொண்டு போனதுதான் மிச்சம். அப்புறம் மிதித்துப் பார்த்தால் பிரேக் பழையபடி கெட்டியாக இருந்தது! சூடு ஆறினால் இப்படித்தான். அதனால் ஒர்க் ஷாப்பில் கொண்டுபோய் நிறுத்தினால் நல்லாத்தானே பிடிக்கு என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

குடும்பத்தை அந்த வேனில் ஏற்றிவிட்டு, முதல் கியரிலேயே உருட்டி விக்கிரமசிங்கபுரம் வரை கொண்டுவந்தேன். அங்கே ஒரு வயதான மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றி, பேடை அழுத்துகிற காலிப்பரைத் தூக்கியதும் ஒன்றும் பேசாமல் பேடை நெம்பி எடுத்து என் கையில் கொடுத்தார். பேடின் இரண்டு பக்கமும் பிராக்கெட்டில் உட்காருகிற காது இருக்கும். அந்தக் காதில் கறுப்பு பெயின்ட் போய் வெள்ளையாக, கிரைண்டர் கோடு கோடாகத் தெரிந்தது, ஒரு காது நேராக, இன்னொன்று சரிவாக. "இது உங்க வண்டி பேடே இல்ல சார், காதை உரசி ஏத்திருக்கானுவ" என்றார். டிஸ்கைக் காட்டினார். பேட் அகலம் பத்தாததால் வெளி ஓரத்தில் விரல் அகலத்துக்கு உரசாத துரு வளையம், அதற்கு உள்ளே சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது.

அவர் விளக்கியது இதுதான். மிதியை விட்டதும் பேட் மயிரிழை அளவு பின்வாங்க வேண்டும், அதற்கு அது பிராக்கெட்டில் தாராளமாக வழுக்க வேண்டும். இது கோணலாக உரசப்பட்டதால் இறுகிக்கொண்டு டிஸ்கை விடவே இல்லை. சமதரையில் அந்தச் சூடு காற்றில் போய்விடும், மலை இறக்கத்தில் போகாது. சூடு காலிப்பர் வழியாக பிரேக் ஆயிலுக்கு ஏறி, ஆயில் கொதித்துக் குமிழி விட்டால் நாம் மிதிப்பது குமிழியைத்தான் அமுக்கும். டாட் 4 என்கிற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை தாங்க வேண்டும், ஈரம் ஏறிப் பழசானால் 155 வரைதான் உத்தரவாதம். என் வண்டியில் அதை மாற்றி ஐந்து வருஷம் ஆகியிருந்தது, அதுவும் சேர்ந்துகொண்டது.

மறுநாள் அந்தப் பேடுகளோடு கடைக்குப் போனேன். முதலில் "நீங்க பிரேக்கை மிதிச்சிக்கிட்டே இறங்கியிருப்பீய" என்றார். அப்படியானால் இரண்டு முன் சக்கரமும் ஒரே மாதிரி வெந்திருக்க வேண்டும், வலது டிஸ்க் நீலமே பாயவில்லையே என்று கேட்டதற்குப் பதில் இல்லை. கூட நின்ற பையன்தான் உளறினான், சரியான பேட் மதுரையிலிருந்து வர இரண்டு நாள் ஆகும் என்று ஸ்பேர்ஸ் கடையில் சொன்னார்களாம், அதே கம்பெனியின் வேறொரு வண்டிக்கு உள்ளதை வாங்கி உரசிப் போட்டார்களாம். இரண்டு நாள்! நான் பஸ்ஸில் போயிருப்பேன் ஐயா.

இனி நீங்கள் பிரேக் வேலைக்கு விட்டால் பேட் வந்த அட்டைப்பெட்டியைக் கேட்டு வாங்குங்கள், அதில் உள்ள பார்ட் நம்பரைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள், பழையதைக் கையோடு எடுத்து வந்து புதியதோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். துரு சுரண்டுவது, பிராக்கெட்டைத் துடைப்பது எல்லாம் வழக்கம்தான். புது பேடையே கிரைண்டரில் பிடித்தால் அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள்.

புகாரைப் பொறுத்தவரை, முதலில் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்தேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமலும் போகலாம், 2 வருஷத்துக்குள் போட வேண்டும். விக்கிரமசிங்கபுரத்து மெக்கானிக் பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். கழற்றும்போது எடுத்த போட்டோக்களும் இருக்கின்றன.

ரிஜிஸ்டர் தபாலில் நோட்டீஸ் போய்ச் சேர்ந்த அன்று ராத்திரி கடைக்காரரே கூப்பிட்டார். 4,200ஐயும் திருப்பித் தருகிறாராம், அந்த நாலு பேடையும் கொண்டுவந்து கொடுத்துவிட வேண்டுமாம். தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.