புயல் காப்பகத்துக் காற்றுக்கு எது பொருந்தும்: சன்னலா, வடிகட்டியா, புறஊதா விளக்கா, ரேடியோ அலையா?

பாம்பனிலும் மண்டபத்திலும் ஆண்டின் பெரும்பகுதி இந்தக் கேள்வியே எழாது. கச்சானோ வாடையோ ஏதோ ஒரு காற்று வீசிக்கொண்டிருக்கும் கரையில், எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து வைப்பதைவிட மலிவான நோய்த்தடுப்பு வேறில்லை. சன்னலைத் திறக்க முடியாத நாளில்தான் சிக்கல். 2020 டிசம்பரில், கொரோனாக் காலத்திலேயே, புரெவி புயல் மன்னார் வளைகுடாவுக்குள் வந்தது நினைவிருக்கும். அடைத்த கூடத்தில் பலர் தங்கும்போது காற்றிலுள்ள வைரஸை என்ன செய்வது?

புதுமையில் முந்துவது ரேடியோ அலைதான். தைவான் ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 8 ஜிகாஹெர்ட்ஸ் நுண்ணலைக்கு எச்3என்2 இன்ஃபுளுயன்சா வைரஸ் செயலிழந்தது. சமையலறை மைக்ரோவேவ் அடுப்பு 2.45 ஜிகாஹெர்ட்ஸில் நீரைச் சூடாக்குவதுபோல் இது வெப்பத்தால் நடப்பதன்று. சுமார் 100 நானோமீட்டர் அளவுள்ள வைரஸின் இயல்பான அதிர்வோடு அலை ஒத்திசையும்போது, அதன் உறை அதிர்ந்து சிதைகிறது என்பதே விளக்கம். ஆனால் அங்கே வைரஸ் திரவத்தில் இருந்தது. இருமலில் தெறிக்கும் துளியிலோ உப்பும் புரதமும் கலந்திருக்கின்றன. வைரஸின் அளவு மாறினால் ஒத்திசையும் அதிர்வெண்ணும் மாறும். மீன்பிடிப் படகுகளின் ரேடார் 9.4 ஜிகாஹெர்ட்ஸ் அளவில் இயங்குவதையும் இக்கரையில் மறக்கலாகாது. அதற்கு அருகிலுள்ள அலைவரிசையைக் கூடம் முழுக்கப் பரப்புவதற்கு முன், அலை வெளியே கசியாமலும் உள்ளே இருப்பவர்களுக்குப் பாதுகாப்பு வரம்பு மீறாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

254 நானோமீட்டர் புறஊதா விளக்குக்கு நீண்ட வரலாறு உண்டு. பிலடெல்பியா பள்ளிகளில் தட்டம்மைக்கு எதிராக 1930-களின் இறுதியிலேயே அதைச் சோதித்தார்கள். கண்ணும் தோலும் பாதிக்கப்படாதிருக்க, தலைக்கு மேலுள்ள காற்றில் மட்டும் ஒளி விழ வேண்டும் என்பதால் உயர்ந்த கூரை தேவை. கீழ்க்காற்றை மேலே கொண்டுசெல்ல மின்விசிறியும் தேவை. ஈரப்பதம் மிகும்போது இதன் திறன் குறைவது நமக்குப் பெரிய குறை. குழல்மீது படியும் உப்பையும் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

0.3 மைக்ரான் துகளில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டியே எனக்கு நம்பகமாகப் படுகிறது. வைரஸின் அளவோ அதிர்வெண்ணோ அதற்கு ஒரு பொருட்டில்லை; தாளை மாற்றினால் போதும்.

மூன்றுக்கும் மின்சாரம் வேண்டும், புயலில் முதலில் போவதும் அதுவே. ஆகவே ஜெனரேட்டரில் டீசல் உள்ளவரை வடிகட்டியை ஓட்டலாம். தீர்ந்த பிறகு, காற்று அறையாத பக்கத்து மேல்சன்னலைச் சற்றே திறந்து வைப்பதுதான் மிஞ்சும்.