ஓபி சீட்டில் முதலில் பார்க்க வேண்டியது கிழமை

விடுமுறையில் ஊருக்கு வந்து, அப்பா அம்மாவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன். இங்கிலாந்திலிருந்து வருகிறவர்களுக்குப் பழகிய காத்திருப்பு வேறு மாதிரி. குடும்ப டாக்டரின் கடிதத்தோடு பெரிய மருத்துவமனைச் சிகிச்சைக்குக் காத்திருப்போரில் 92 சதவீதம் பேராவது 18 வாரத்துக்குள் இருக்க வேண்டும் என்பது அங்கே இலக்கு. 2016-க்குப் பிறகு அதை எட்டவே இல்லை. ஆனால் அந்த வாரங்களை வீட்டில் உட்கார்ந்து கழிக்கலாம். தமிழ்நாட்டில் யாருடைய கடிதமும் வேண்டாம், போன அன்றைக்கே டாக்டரைப் பார்த்துவிடலாம். அதற்கு விலை, காலையிலிருந்து மதியம் வரை எழுபது வயதுக்காரர் காலில் நிற்பது.

நிற்பது ஒரு வரிசையில் இல்லை. சீட்டு, துறை வாசல், ரத்தம் எடுக்கும் இடம், ரிசல்ட், மறுபடி டாக்டர், கடைசியில் மாத்திரை கவுன்டர். டாக்டர் முன்னால் உட்கார்வது சில நிமிடம்தான்.

பெரும்பாலோர் ஒரு நாளையே இழப்பது கிழமை தெரியாமல்தான். பொது மருத்துவம், அறுவைச் சிகிச்சை, எலும்பு போன்ற துறைகள் யூனிட் என்ற டாக்டர் குழுக்களாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு யூனிட்டும் வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில்தான் ஓபி பார்க்கும். மற்ற நாட்களில் ஆபரேஷன், வார்டு. முதல் தடவை பார்த்த யூனிட்டின் நாளில்தான் ரிவ்யூவுக்கும் போக வேண்டும். வேறு நாளில் போனால் வரிசையில் நின்று உள்ளே போனபிறகு, "உங்க யூனிட் இன்னைக்கு இல்லையே, வியாழக்கிழமை வாங்க" என்று அனுப்பிவிடுவார்கள். யூனிட் எண்ணைச் சீட்டின் ஓரத்தில் பேனாவால் கிறுக்கியிருப்பார்கள். வெளியே வருமுன் அதைப் படித்துக் காட்டி, கிழமையைக் கேட்டு நீங்களே பெரிதாக எழுதிக்கொள்ளுங்கள். இதய, நரம்பு, சிறுநீரகப் பிரிவுகளுக்கும் தனித்தனி நாட்கள் உண்டு. திங்கட்கிழமையும் விடுமுறைக்கு மறுநாளும் கூட்டம் அதிகம், முடிந்தால் தவிர்த்துவிடுங்கள்.

அடுத்தது சர்க்கரைப் பரிசோதனை. வெறும் வயிற்றில் ஒரு ரத்தம், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொன்று. ஒன்பதரைக்குச் சீட்டு வாங்கி, பதினொன்றுக்கு டாக்டரைப் பார்த்து, அதற்குப் பிறகு முதல் ரத்தம் கொடுத்தால், இரண்டாவதற்கு ஒரு மணி தாண்டிவிடும். காலை ஓபி அதற்குள் முடிந்திருக்கும். ரிசல்ட்டைக் காட்ட அடுத்த யூனிட் நாள் வரை காத்திருக்க வேண்டும். இதற்கு வழி, இந்த விசிட்டிலேயே அடுத்த தடவைக்கான டெஸ்ட் சீட்டைக் கேட்டு வாங்குவது. முன்கூட்டியே ரத்தம் கொடுத்து, ரிசல்ட்டோடு டாக்டர் முன்னால் போனால் இரண்டு வரிசை மிச்சம். கேட்டால் பெரும்பாலும் எழுதித் தருவார்கள், கேட்பவர்கள்தான் குறைவு. ஏழரைக்கெல்லாம் வந்துவிடும் வயதானவர்களைச் சாப்பிடாமல் பதினொன்று வரை நிறுத்திவைப்பது கொடுமை. சர்க்கரை மாத்திரை போடுகிறவர்களுக்கு ஆபத்தும்கூட.

சீட்டு வரிசையைக் குறைக்க 2022-இல் கியூஆர் ஸ்கேன் முறை வந்தது. போனில் ஆபா (மத்திய அரசின் டிஜிட்டல் உடல்நல அடையாள எண்) கணக்கு இருந்தால், கவுன்டர் அருகே ஒட்டியிருக்கும் கியூஆரை ஸ்கேன் செய்ததும் பெயர், வயதெல்லாம் போய், டோக்கன் எண் வந்துவிடும். வெளிநாட்டுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு இங்கேதான் சிக்கல். ஆதார் வழியாக ஆபா கணக்கு தொடங்க, ஆதாரில் பதிந்த எண்ணுக்குத்தான் ஓடிபி வரும். அந்த எண் பல வீடுகளில் மகன் கையோடு கொண்டுபோன, ரீசார்ஜ் இல்லாமல் செத்துப்போன சிம். ஊருக்கு வந்த முதல் வாரமே ஆதார் மையத்துக்குப் போய், அம்மா கையில் இருக்கும் போனின் எண்ணை மாற்றிவிடுங்கள்.

மாத்திரை இலவசம். 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்தான் மொத்தமாக வாங்கி அனுப்புகிறது. அங்கே கிடைப்பது மருந்தின் மூலப்பெயரில்; வெளியில் சாப்பிட்ட பிராண்டின் பெயரைச் சொன்னால் கவுன்டரில் குழப்பம்தான் மிஞ்சும். பழைய சீட்டையும் மாத்திரை அட்டையையும் கொண்டுபோங்கள்.

பிரஷரும் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கிறவரை, மாத்திரைக்காக மட்டும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகத் தேவையில்லை. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நீங்கள் கிளம்புமுன் கேட்டு, இல்லையென்றால் சேர்த்துவிட்டுப் போங்கள்.