தனி போர்ட்டா, பகிர்ந்த போர்ட்டா, ஃபெயில்ஓவரா? சர்வர் பிஎம்சியை எப்படி மாட்டுவது

ராணிப்பேட்டை சிப்காட்டிலும் ஆம்பூர், வாணியம்பாடி தோல் கம்பெனிகளிலும் சர்வர் அறையில் பெரும்பாலும் ஆள் இருப்பதில்லை. பார்த்துக்கொள்கிறவர் வேலூரிலோ சென்னையிலோ இருப்பார். பேக்கப் சர்வர் ராத்திரியில் தொங்கிப்போனால் வேலூரில் இருந்து ஆம்பூருக்குச் சுமார் 50 கிலோமீட்டர் போக வேண்டுமா, உட்கார்ந்த இடத்திலேயே ரீஸ்டார்ட் பண்ணலாமா என்பது மதர்போர்டில் இருக்கும் பிஎம்சி சிப்பின் கையில். சர்வரைத் தூரத்தில் இருந்தே பார்க்கவும் ஆன், ஆஃப் பண்ணவும் உள்ளே வைத்திருக்கும் தனிச் சின்னக் கணினி இது. டெல்லில் ஐடிராக், எச்பிஇயில் ஐஎல்ஓ, சூப்பர்மைக்ரோவில் வெறும் ஐபிஎம்ஐ என்கிறோம். சர்வர் ஆஃபில் இருந்தாலும் பவர் கார்டில் கரண்ட் இருக்கும்வரை இது ஓடும்.

இதற்கு நெட்வொர்க் கொடுக்க மூன்று வழி: தனி போர்ட், சர்வரின் லேன் போர்ட்டையே பகிர்வது, ஃபெயில்ஓவர் (தனி போர்ட்டில் லிங்க் இல்லையென்றால் தானாகப் பகிர்ந்த போர்ட்டுக்கு மாறுவது). என் ஓட்டு தனி போர்ட்டுக்கு.

பகிர்ந்தால் ஒரு கேபிளும் ஒரு ஸ்விட்ச் போர்ட்டும் மிச்சம். சிசிடிவியும் பயோமெட்ரிக்கும் ஏறி நிரம்பிய 8 போர்ட் ஸ்விட்ச்சில் அது பெரிய விஷயம்தான். ஆனால் சர்வர் ரீபூட் ஆகும்போது, திரையைப் பார்த்தே ஆகவேண்டிய அந்த நேரத்தில், லிங்க் விட்டுப்போகலாம். அதே சர்வருக்குள் இருந்து பிஎம்சியை பிங் செய்தால் பொதுவாகப் பதில் வராது. அது கோளாறு இல்லை, அமைப்பே அப்படி. வேறு கணினியில் இருந்து சோதியுங்கள். பெரிய வம்பு, இரண்டு லேன் போர்ட்டுகளை எல்ஏசிபியில் (இரண்டு வயரை ஒரே இணைப்பாக்கும் முறை) சேர்த்திருந்தால்தான். பிஎம்சிக்கு வரவேண்டிய பாக்கெட்டை ஸ்விட்ச் மற்ற வயரில் அனுப்பிவிடும், அங்கே வாங்க யாரும் இல்லை. வேறு வழியே இல்லாமல் பகிர்ந்தால் பிஎம்சிக்குத் தனி விலான் (அதே வயரில் பிரித்து வைக்கும் தனி நெட்வொர்க்) கொடுத்துவிடுங்கள்.

ஃபெயில்ஓவர் இரண்டின் நன்மையும் சேர்ந்தது மாதிரி தெரியும். நம் பக்கத்துக்கு அதுதான் ஆபத்து. சூப்பர்மைக்ரோ போர்டுகள் பெரும்பாலும் இந்த நிலையிலேயே வருகின்றன. கரண்ட் வந்ததும் தனி போர்ட்டில் லிங்க் இருக்கிறதா என்று பிஎம்சி பார்க்கும், இல்லையென்றால் முதல் லேன் போர்ட்டுக்குப் போய்விடும். வேலூர் வெயிலில் கரண்ட் போய், யுபிஎஸ்ஸும் தீர்ந்து, எல்லாம் ஒன்றாக எழும்போது ஸ்விட்ச் மெதுவாகத்தான் பூட் ஆகும். அதற்குள் பிஎம்சி இடம் மாறியிருக்கும். பழைய ஃபர்ம்வேரில், பவர் கார்டைப் பிடுங்கி மாட்டும்வரை அங்கேயே கிடக்கும். பிஎம்சிக்கென்று பிரித்து வைத்த மேனேஜ்மென்ட் நெட்வொர்க்கில் தேடினால் கிடைக்காது. அதைவிட மோசம், அது இப்போது ஸ்டாஃப் கணினிகளோடு ஒரே நெட்வொர்க்கில் நிற்கிறது. பிஎம்சியோடு பேசும் நெறிமுறையான ஐபிஎம்ஐ 2.0-இன் லாகின் முறையில், சரியான பயனர் பெயரைச் சொன்னால் போதும், பாஸ்வேர்டின் ஹாஷ் (ஊகித்து ஊகித்து பாஸ்வேர்டைக் கண்டுபிடிக்க உதவும் குறியீடு) கேட்டவர் கைக்கு வந்துவிடும். 2013-லேயே வெளியே தெரிந்த ஓட்டை. நெறிமுறையிலேயே இருப்பதால் ஃபர்ம்வேர் அப்டேட்டில் தீராது. ஐபிஎம்ஐ பயன்படுத்தும் யுடிபி 623-ஐ எந்த ரவுட்டரிலும் திறக்காதீர்கள், விபிஎன் வழியாகவே வாருங்கள். ஐபிஎம்ஐயை ஆஃப் பண்ணிவிட்டு அதற்குப் பதிலாக வந்த புதிய முறையான ரெட்ஃபிஷ் மட்டும் வைக்க முடிந்தால் இன்னும் நல்லது.

ஐபி முகவரியில் எனக்குக் குழப்பமே இல்லை, கையால் போட்டு மாறாமல் வைக்கும் ஸ்டாட்டிக்தான். சின்ன ஆபீஸ்களில் தானாக முகவரி கொடுக்கும் டிஹெச்சிபியே அந்த சர்வருக்குள் ஒரு விஎம்மாக (மெய்நிகர் கணினியாக) ஓடும். அது தொங்கினால் பிஎம்சிக்கும் முகவரி நிச்சயமில்லை.

வாங்கும் முன் லைசென்ஸையும் பாருங்கள். ஐஎல்ஓவில் அட்வான்ஸ்டு லைசென்ஸ் இல்லாவிட்டால் ஓஎஸ் எழுந்ததும் ரிமோட் திரை நின்றுவிடும். ஐடிராக்கில் ரேக் சர்வர்களுக்கு விர்ச்சுவல் கன்சோல் வேண்டுமென்றால் என்டர்பிரைஸ் தேவை. சூப்பர்மைக்ரோவில் கன்சோல் கூடவே வருகிறது.

எல்லாம் முடிந்ததும் ஸ்விட்ச், சர்வர் இரண்டின் பவரையும் ஒன்றாக எடுத்துவிட்டு, ஒன்றாகக் கொடுங்கள். அப்புறம் விபிஎன் வழியாக பிஎம்சியைத் திறந்து, எந்தப் போர்ட்டில் வந்திருக்கிறது என்று பாருங்கள். தனி போர்ட்டில் வரவில்லையென்றால் பிஎம்சி அமைப்பு ஃபெயில்ஓவரில் இருந்து தனி போர்ட்டுக்கு இன்னும் மாறவில்லை.