விலை என்ஜினுக்கு அல்ல, தகரத்துக்கு: ஆல்ஃபா ரோமியோ ஜிடி 1300 ஜூனியரோடு சில வருடங்கள்

பழைய கார் பார்க்கப் போனால் பானெட்டைத் தூக்கிவிட்டுத்தான் நமக்குப் பேச்சே ஆரம்பிக்கும். நான் இருக்கும் இத்தாலியின் டூரினிலும் அப்படித்தான். 1972 மாடல் ஆல்ஃபா ரோமியோ ஜிடி 1300 ஜூனியர் ஒன்றைப் பல வருடமாக வைத்து ஓட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த வண்டியில் பானெட்டைக் கடைசியில் திறந்தால் போதும். முதலில் உள்ளே விரித்திருக்கும் கார்ப்பெட்டைத் தூக்குங்கள். பிறகு தரையில் படுத்து அடியில் பாருங்கள்.

தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். 1963-இல் வந்த ஜூலியா ஸ்பிரிண்ட் ஜிடியின் தம்பி இது. வடிவமைத்தவர் அப்போது பெர்டோனே என்ற கார் வடிவமைப்பு நிறுவனத்தில் வேலை பார்த்த ஜியார்ஜெட்டோ ஜுஜாரோ, இருபதுகளில்தான் இருந்தார். மிலானுக்குப் பக்கத்தில் அரேசேயில் புதிதாகக் கட்டிய தொழிற்சாலையில் தயாரானது. இத்தாலியில் அப்போது சிசியைப் பொறுத்து வரி ஏறும் என்பதால், 1966-இல் 1290 சிசி என்ஜினோடு ஜூனியரைக் கொண்டுவந்தார்கள். 89 குதிரைத்திறன், ஒரு டன்னுக்கும் குறைவான எடை, மணிக்கு 170 கிலோமீட்டரைத் தாண்டும் வேகம். ஐந்து கியர், நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். அதே காலத்தில் நம் ஊரில் ஸ்டியரிங் தண்டில் கியர் வைத்த ஃபியட் 1100 ஓடிக்கொண்டிருந்தது. அதையும் இதையும் ஒரே நாட்டுக்காரன் செய்தான் என்றால் எங்கள் ஊர் மெக்கானிக் நம்பவே மாட்டார்.

என்ஜினைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டாம் என்கிறேன்? வால்வுகளைத் திறக்கும் தண்டு (கேம் ஷாஃப்ட்) இரண்டு வைத்த இந்த அலுமினிய என்ஜின் 1954-இல் ஜூலியெட்டா என்ற ஆல்ஃபா காரில் தொடங்கி, சிசி மாறி மாறி 1990-கள் வரை தயாரானது. பிஸ்டன், லைனர், பேரிங், கேஸ்கட் எல்லாமே இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. பிஸ்டன் ஓடும் குழாய்களான லைனர்கள் தனியாகக் கழற்றி மாட்டும் வகை என்பதால், தேய்ந்தால் செட்டோடு மாற்றிவிடலாம். என்ன செலவாகும் என்று முன்கூட்டியே கணக்குப் போட முடியும். தகரத்தில் அந்தக் கணக்கு வராது. வெட்டிப் பார்த்த பிறகுதான் உள்ளே எவ்வளவு போயிருக்கிறது என்று தெரியும்.

முக்கியமான இடம் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி. நம் டிங்கர்கள் ரன்னிங் போர்டு என்பார்களே, அது. இந்தக் காரில் அது மூன்று அடுக்கு: வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு. தனிச் சட்டம் இல்லாத பாடி என்பதால் வண்டியின் பலமே அதில்தான். வட இத்தாலியில் குளிர்காலத்தில் சாலையில் உப்பு கொட்டுவார்கள். அந்தத் தண்ணீர் உள்ளே புகுந்து நடுத்தகட்டை முதலில் தின்னும். மலிவாக வேலை முடிக்க நினைப்பவர் வெளித்தகட்டை மட்டும் மாற்றி, பட்டி தடவி, பெயின்ட் அடித்துவிடுவார். பார்வைக்குப் புது வண்டி. மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை ஒட்டவைத்துக்கொண்டே போங்கள். பட்டி கனமாக இருக்கும் இடத்தில் பிடி விட்டுவிடும். ஜாக்கி வைக்கும் இடங்கள், ரேடியேட்டருக்குக் கீழே உள்ள குறுக்குத்தகடு, முன் கண்ணாடியின் கீழ் மூலைகள், டிக்கியில் ஸ்டெப்னி உட்காரும் குழி, இவற்றையும் விடாதீர்கள். கதவைத் திறந்து, ஒரு விரலால் தள்ளி மூடிப் பாருங்கள். கதவு மேலே ஏறியோ கீழே இறங்கியோ போய்ப் பூட்டினால் பாடி தொய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த இடத்திலேயே கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம்.

நான் எடுத்த வண்டி ஓடும் நிலையில் இருந்த, சிவப்பு பெயின்ட் அடித்த வண்டி. வெளியே பளபளப்பு, உள்ளே பின் சீட்டைத் தூக்கினால் வெள்ளை. இத்தாலியக் கார் என்றால் சிவப்பு என்று உலகமே முடிவு கட்டிவிட்டதால், இப்படிச் சிவப்பாக்கப்பட்ட வண்டிகள் ஏராளம். அரேசேயில் உள்ள ஆல்ஃபா அருங்காட்சியகத்தின் ஆவண மையத்துக்கு சேசிஸ் எண்ணை எழுதி அனுப்பினால், எப்போது தயாரானது, முதலில் என்ன நிறம் என்று பதிவேட்டைப் பார்த்துச் சான்று தருவார்கள். என் வண்டிக்கு வந்த பதில் பியாங்கோ ஸ்பினோ, அதாவது வெள்ளை.

கார்ப்பெட்டுக்கு அடுத்து பார்க்க வேண்டியது காகிதம். இங்கே ஆர்.சி. புக்கில் என்ஜின் வகையும் எழுதியிருக்கும். ஜூனியர் என்றால் 00530 என்ற வகை எண் என்ஜின் பிளாக்கில் அடித்திருக்க வேண்டும். 00512 என்று இருந்தால் அது 2000 சிசி என்ஜின். அப்படியே போல்ட் மாற்றி உட்காரும் என்பதால் பலர் அதை ஏற்றியிருக்கிறார்கள். ஓட்ட அருமையாக இருக்கும், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் புக்கில் 1300 என்று இருக்க வண்டியில் 2000 இருந்தால் இன்சூரன்ஸிலிருந்து விற்பனை வரை எல்லா இடத்திலும் உதைக்கும். விலை பேசும்போது அந்த உதையைப் பணமாகக் கழிக்கச் சொல்லுங்கள்.

நம்பர் பிளேட்டைப் பற்றி எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் வெளியூர்க்காரர்களுக்கு இது புரியவே புரியாது. 1985 வரை இத்தாலியில் கறுப்புத் தகடு. 1994 வரை மாகாணம் மாறினால் வண்டியை மறுபதிவு செய்து புது எண் வாங்க வேண்டும். ஆகவே அன்று கொடுத்த டூரின் கறுப்புத் தகடே இன்றும் மாட்டியிருந்தால், அது கொடுத்த நாளிலிருந்து 1994 வரை அந்த வண்டி வேறு மாகாணத்துக்குப் போகவே இல்லை என்று பொருள். ஒரே குடும்பம், ஒரே ஷெட் என்ற கதைக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. இதற்காகவே கூடுதல் பணம் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். நானும் கொடுத்தேன்.

மறுசீரமைப்பில் பெரும் பங்கு டிங்கரிங். மலையடிவாரத்தில் ஒரு சின்னப் பட்டறை, ஓய்வு பெறும் வயதைத் தாண்டியும் சுத்தியலைக் கீழே வைக்காத ஒருவர். அவர் முதலில் செய்த வேலையைப் பார்த்தபோதே சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறோம் என்று புரிந்துவிட்டது. ரன்னிங் போர்டை வெட்டுவதற்கு முன்பு, கதவு இருக்கும் சட்டத்துக்குள் குறுக்கும் நெடுக்கும் இரும்புக் கம்பி வைத்து வெல்டு அடித்தார். அப்படிச் செய்யாமல் வெட்டினால் பாடி நடுவில் இறங்கிவிடும். அதற்குப் பிறகு எந்தக் கதவும் ஒழுங்காக மூடாது. இடது பக்கம் வெளித்தகட்டை உரித்ததும் நடுத்தகடு இருக்க வேண்டிய இடத்தில் பழுப்புத் தூள்தான் கொட்டியது. அவர் அதை உள்ளங்கையில் அள்ளி, "இதுக்கும் சேர்த்துத்தானே காசு குடுத்தீங்க?" என்று கேட்டுச் சிரித்தார். மூன்று அடுக்கையும் புதிதாக வைத்து, பூட்டும் முன் உள்ளே மெழுகு பீய்ச்சினார். தகரம் முழுவதும் உரிபட்டுவிட்டதால் நிறத்தை மறுபடி வெள்ளைக்கே கொண்டுபோய்விட்டேன். சிவப்புதான் அழகு என்று வீட்டில் இன்னும் ஒரு கட்சி இருக்கிறது.

வண்டி வாங்கிய விலையில் பாதிக்கு மேல் இந்த வேலைக்குப் போனது. என்ஜினுக்கு ஆனது அதில் ஒரு சின்னப் பங்கு. என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவே ஆயில் ஏறும் துளைகளைச் சுற்றி ரப்பர் வளையங்கள் உண்டு. அவை காய்ந்து ஆயில் கசிந்ததால் ஹெட்டை இறக்க வேண்டி வந்தது. அத்தோடு வால்வ் இடைவெளியும் பார்த்துவிட்டோம். ஸ்க்ரூவைத் திருகிச் சரிசெய்யும் வேலை இல்லை இது. கேம் ஷாஃப்டைக் கழற்றி, அடியில் இருக்கும் ஷிம் என்ற சின்ன உலோக வில்லையை மைக்ரோமீட்டரில் அளந்து, வேறு தடிமனில் ஒன்று போட வேண்டும். சலிப்பான வேலை, ஆனால் ஒருமுறை செய்தால் வெகுகாலம் தொடவே வேண்டாம்.

ஓட்டத்தில் எப்படி? காலையில் சாவி திருகியதும் இரண்டு வெபர் கார்புரேட்டரும் கொஞ்சம் இருமும். ஐடிலிங் தாறுமாறாக ஏறி இறங்கினால் உடனே கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டைக் கழற்றாதீர்கள். கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள ரப்பர் இணைப்பு வெடித்துக் காற்று இழுப்பதுதான் பெரும்பாலும் காரணம். என்ஜின் சூடேறும் முன்பே, கைவசம் தீயணைப்பானை வைத்துக்கொண்டு, அந்த ரப்பரைச் சுற்றிக் கொஞ்சம் கிளீனர் ஸ்ப்ரே அடித்தால் சத்தம் மாறும், குற்றவாளி அதுதான். இரண்டாம் கியர் இந்தக் குடும்பத்துக்கே உள்ள வியாதி. கியர் பாக்ஸ் குளிர்ந்திருக்கும்போது கறக் என்று கடிக்கும். அதற்காக அவசரப்பட்டு, கியர் சத்தமில்லாமல் விழ உதவும் சின்க்ரோ வளையத்தை மாற்ற வேண்டியதில்லை. ஆயில் சூடாகும் வரை மெதுவாகப் போடுவது, அல்லது ஒன்றிலிருந்து மூன்றுக்கே தாவுவது என்று எல்லோரும் பழகிவிடுவார்கள். சூடான பிறகும் கடித்தால்தான் செலவு.

வண்டியின் இடம் டூரினுக்குத் தெற்கே உள்ள லாங்கே மலைச்சாலைகள். ஆல்பாவிலிருந்து பரோலோ பக்கம் ஏறும் வளைவுகளில் 89 குதிரை குறைவென்று ஒருநாளும் தோன்றியதில்லை. நிமிடத்துக்கு 4000 சுற்றுக்கு மேல்தான் என்ஜின் விழிக்கும். மூன்றாம் கியரிலேயே வைத்து ஓட்டுவதுதான் சுகம். 2035 மீட்டர் உயரத்தில் இருக்கும் செஸ்திரியேரே என்ற மலையூருக்கு ஏறினால் காற்று மெலிந்து, கலவையில் பெட்ரோல் அதிகமாகி வண்டி சோம்பும். இறங்கினால் தானே சரியாகிவிடும். லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் கிடைத்தால் சந்தோஷம். ஏசி இல்லை, ஆகஸ்டில் நகரத்துக்குள் எடுக்கவே கூடாது. நெடுஞ்சாலையில் 110-க்கு மேல் பக்கத்தில் இருப்பவரோடு பேச முடியாது. சிலருக்கு அது வசதிதான்.

வருடச் செலவு பயப்படும்படி இல்லை. 30 வயது தாண்டிய வண்டிக்கு இத்தாலியில் சாலை வரி கிடையாது, சாலையில் ஓட்டினால் 30 யூரோவை ஒட்டிய ஒரு தொகை மட்டும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தகுதிச் சோதனை. ஏஎஸ்ஐ என்னும் தேசியப் பழைய வாகன அமைப்பின் சான்று இருந்தால் இன்சூரன்ஸ் மலிவாகக் கிடைக்கும்.

இனி மதிப்பு. 2023 நவம்பரில் ஒரு ஃபெராரி 250 ஜிடிஓ 51.7 மில்லியன் டாலருக்கு ஏலம் போன செய்தியைப் பார்த்துவிட்டு, "உன் வண்டியும் ஏறுமே" என்றார்கள் நண்பர்கள். அந்தச் சந்தைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஜூனியர் போன்ற வண்டிகள் 2015 வரை மளமளவென்று ஏறின, பிறகு அந்த வேகம் இல்லை. மறுசீரமைப்புக்குப் போட்ட பணம் விற்கும்போது முழுதாகத் திரும்பாது. அதனால் கணக்குத் தெரிந்தவர்கள், அடுத்தவர் ஏற்கெனவே செலவழித்து முடித்த வண்டியை, வேலை நடந்தபோது எடுத்த படங்களோடு வாங்குவார்கள். படம் இல்லாத மறுசீரமைப்புக்கு நான் ஒரு பைசா கூடுதலாகத் தர மாட்டேன். உள்ளே தூள் இருக்கிறதா தகடு இருக்கிறதா என்று வேறு எப்படித் தெரியும்?

1970-க்கு முந்தைய, பானெட்டின் முன் விளிம்பு மூக்கைவிடச் சற்று உயர்ந்து படிபோல் தெரியும் மாடலுக்கு விலை அதிகம். பெயின்ட் மங்கி, சீட் தேய்ந்து, ஆனால் துரு இல்லாமல், முதல் நம்பர் பிளேட்டோடு அப்படியே நிற்கும் வண்டி, பளபளவென்று செய்து வைத்ததைவிட அதிகம் போவதும் உண்டு. ஜிடிஏ என்று யாராவது நீட்டினால் நூறு மடங்கு சந்தேகப்படுங்கள். 1965-இல் பந்தய விதிக்காக அலுமினியத் தகட்டில் செய்த அந்த வகையின் முதல் தொகுதி வெறும் 500 வண்டி. ஜூனியரின் பாடியில் ரிவெட் அடித்து ஜிடிஏ ஆக்கிய போலிகள் நிறைய.

இன்று வாங்குவதாக இருந்தால்? இத்தாலியில் நல்ல ஜூனியருக்கு 30,000 யூரோ அளவில் கேட்கிறார்கள். 20,000-க்குக் கீழே ஒன்று வந்தால் மிச்சப் பணம் டிங்கருக்குப் போகப்போகிறது என்று எழுதி வைத்துக்கொண்டே போய்ப் பாருங்கள். என்ஜின் ஓடாமல், பாடி கெட்டியாக, காகிதம் சுத்தமாக இருக்கும் வண்டி கிடைத்தால் மட்டும் வீட்டில் கேட்காமலே முன்பணம் கொடுத்துவிடலாம். அப்படியொன்று இந்த வசந்தத்தில் பக்கத்து ஊரில் விற்பனைக்கு வந்தது. நான் போன் செய்வதற்குள் போய்விட்டது.