வினிகரா, பெலார்கோனிக் அமிலமா, சோப்பா? களைக்கு எது தோதாகும்

இங்கே ஒப்பிடும் எதுவும் வேருக்குள் இறங்காது. பட்ட இடத்தில் இலையின் செல் சவ்வைச் சிதைக்கும். உள்ளிருக்கும் நீர் கசிந்து இலை காயும், அவ்வளவுதான். சமூகத் தோட்டப் பாத்தியில் இரண்டு, நான்கு இலை விட்டிருக்கும் குப்பைமேனி, அம்மான் பச்சரிசி, கீழாநெல்லி பெரும்பாலும் ஒரே அடியில் போய்விடும். கோரை அப்படியல்ல. மேலே கருகினாலும் கிழங்கு பத்திரமாக இருக்கும், சீக்கிரமே மறுபடி தலைநீட்டும். அதைக் கிழங்கோடு தோண்டித்தான் எடுக்க வேண்டும். தரைக்கு அடியில் தண்டு ஓட்டும் அருகம்புல்லும் ஏறத்தாழ அதே கதைதான்.

பேரங்காடி வெள்ளை வினிகரில் அசிட்டிக் அமிலம் 5 விழுக்காடு வரைதான் இருக்கும். இளங்களைக்கு அது போதும். கொஞ்சம் முற்றியதற்கு 10 முதல் 20 விழுக்காடு தேவை. 20 விழுக்காட்டுச் சரக்கைப் பாதியாக்க, ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு லிட்டர் அமிலத்தை ஊற்றுங்கள். தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. இந்த அடர்த்தியில் தோல் வெந்துபோகும், கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடியும் ரப்பர் கையுறையும் இல்லாமல் மூடியைத் திறக்காதீர்கள். தரைவீட்டு கார் நிறுத்துமிடத்தில் இன்னொரு வம்பு: சிமெண்டிலும் பளிங்கிலும் உள்ள சுண்ணாம்பை அரித்துத் தழும்பு விடும். பாசி போக பிளீச் ஊற்றிய தரையில் வினிகர் படவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும்.

சிட்ரிக் அமிலம் கேக் சாமான் கடையில் தூளாகக் கிடைக்கும், நெடி கிடையாது. 100 கிராமைக் கரைத்து ஒரு லிட்டர் ஆக்கினால் 10 விழுக்காடு. தனியாக அடித்தால் வினிகரை விட மந்தம். காய்ந்த இடத்தில் வெள்ளைப் பொடி படியும்.

பெலார்கோனிக் அமிலம் ஒன்பது கரிம அணு கொண்ட கொழுப்பு அமிலம். என் கணக்கில் பணம் கொடுத்து வாங்கத் தகுந்தது இதுதான். 3 முதல் 5 விழுக்காட்டுக் கரைசலே போதும். வெயிலில் ஒன்றிரண்டு மணி நேரத்தில் இலை நனைந்ததுபோல் கரும்பச்சையாகி, மாலைக்குள் பழுப்பாகும். எண்ணெய்த் தன்மையால் தண்ணீரில் கரையாது. விற்பனைக்கு வருவதில் எண்ணெயைத் தண்ணீரோடு கலக்க வைக்கும் பால்மமாக்கி சேர்த்திருப்பார்கள், கலக்கினால் பால்போல் வெளுக்கும். அடிக்கும்போது பம்பை அடிக்கடி குலுக்காவிட்டால் மேலே பிரிந்து நிற்கும், பாதிக் களை தப்பும். காறல் எண்ணெய் வாடையைச் சகித்துக்கொள்ள வேண்டும்.

வினிகரோ சிட்ரிக்கோ அடித்துப் பலனில்லை என்று புலம்புவோர் பலர், கரைசலை இலைமேல் படர வைக்கும் பரப்பியைச் சேர்க்காதவர்கள். வெறும் வினிகர் அம்மான் பச்சரிசி இலையின் ரோமத்தின் மேல் முத்து முத்தாக நிற்கும், இலையைத் தொடவே தொடாது. லிட்டருக்கு 5 மில்லி பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்தால் படர்ந்து ஒட்டும். ஒரு சொட்டை இலையில் விட்டுப் பாருங்கள்: உருண்டால் போதவில்லை, பம்பில் நுரை பொங்கினால் அதிகம். பொட்டாஷ் சோப்பை மட்டும் வினிகரில் கலக்காதீர்கள். அமிலம் பட்டதும் சோப்பு உடைந்து கொழுப்பு அமிலம் திரிதிரியாகப் பிரியும், பம்பின் நுனி அடைத்துக்கொள்ளும், பரப்பியும் போச்சு. பாத்திரத் திரவம் பெரும்பாலும் செயற்கைச் சலவைப் பொருள் என்பதால் புளிப்பிலும் தாக்குப்பிடிக்கும். ஈரத் தரையின் பாசிக்குப் பொட்டாஷ் சோப்பைத் தனியாக அடியுங்கள். அங்கே அது நன்றாகவே வேலை செய்யும்.

நம் சிங்கப்பூர் மழைதான் பெரிய எதிரி. அதிகாலையில் பனித்துளி கரைசலை நீர்க்க வைக்கும், பிற்பகலில் இடிமழை. காலை ஒன்பதரைக்கு மேல், இலை உலர்ந்ததும் அடித்தால் நண்பகலுக்குள் வேலை முடிந்திருக்கும். சுமத்ரா சூறைக்காற்று வரும் காலையில் பம்பை எடுக்கவே வேண்டாம்.

பாத்தியில் இளங்களை என்றால் 5 விழுக்காட்டு வினிகரும் பரப்பியும், கல் இடுக்குக்குப் பெலார்கோனிக், கோரைக்கு மண்வெட்டி. வீவக அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத் தொட்டிகளுக்கு இவை எதுவும் வேண்டாம், கையால் பிடுங்குங்கள்: காற்றில் பறக்கும் துளி கீழ்வீட்டுக் கழியில் காயும் துணியில் போய் விழும். பம்பை மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் களை இருந்த மண்ணிலேயே ஊற்றுங்கள். இங்கே பெரும்பாலான மழைநீர்க் கால்வாய்கள் நேரே நீர்த்தேக்கத்துக்குப் போகின்றன.