சேகோ ஆலை பயோகேஸ்: என்ஜினுக்கா, அடுப்புக்கா?

சேலம், ஆத்தூர், ராசிபுரம் பக்கம் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலை நடத்துபவர்களுக்குக் கழிவு நீரைக் குட்டையில் தேக்கி ஊரையே நாற வைப்பதைவிட, மூடிய தொட்டியில் விட்டு பயோகேஸ் எடுப்பது மேல் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குழப்பமே அதற்கு அப்புறம்தான். வருகிற கேஸை என்ஜினில் விட்டு கரண்ட் எடுப்பதா, ஜவ்வரிசி வறுக்கும் அடுப்பில் நேராக எரித்து விறகை மிச்சம் பிடிப்பதா? நாங்கள் அடுப்புக்குத்தான் கொடுத்தோம். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

முதலில் கணக்கு. ஒரு கன மீட்டர் பயோகேஸ் சுமார் மூன்றரை கிலோ விறகுக்குச் சமம். அதையே சின்ன ஜெனரேட்டரில் விட்டால் ஒன்றரை, மிஞ்சினால் இரண்டு யூனிட் கரண்ட் வரும். உங்கள் ஊர் விறகு விலையையும் மின் கட்டணத்தையும் வைத்துப் பெருக்கிப் பாருங்கள், பெரிய வித்தியாசம் இருக்காது. என்ஜின் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். கரண்ட் போகும் நேரத்தில் டீசல் மிச்சமாவது கண்கூடான லாபம்.

ஆனால் பராமரிப்பு என்று வந்தால் கதையே வேறு. பயோகேஸோடு ஹைட்ரஜன் சல்பைடும் சேர்ந்து வரும், அந்த அழுகிய முட்டை நாற்றம்தான். மாவு வெளுக்கக் கந்தக அமிலம் ஊற்றுகிற ஆலையில் கழிவு நீரில் சல்பேட் ஏறி இது இன்னும் அதிகமாகும். என்ஜினுக்குள் போனால் ஆயிலைப் புளிக்க வைத்து, செம்பு கலந்த புஷ், பேரிங்கையெல்லாம் அரித்துவிடும். அதைத் தடுக்க வழியில் ஒரு டிரம்மில் இரும்புத் துருவல் போட்டு கேஸை வடிகட்டுவார்கள். என் மைத்துனர் ஆலையில் பார்த்திருக்கிறேன், போடும்போது செந்துருவாக இருப்பது கரிக்கட்டை போலக் கறுத்துவிடும். வெளியே கொட்டிக் காற்றில் பரப்பினால் சூடேறி மறுபடி சிவக்கும். இதை ஒரு ஆள் விடாமல் கவனிக்க வேண்டும். ஒரு வாரம் மறந்தாலும் விலை கொடுப்பது என்ஜின்தான். சீசன் முடிந்து கிழங்கு வராத மாதங்களில் என்ஜின் சும்மா நிற்கும், அந்தப் புளித்த ஆயிலும் ஈரமும் உள்ளேயே கிடந்து அரிக்கும்.

அடுப்பில் இந்தத் தொல்லை பாதிகூட இல்லை. சமையல் கேஸுக்கான பர்னரை அப்படியே போட்டால் எரியாது, துவாரத்தைப் பெரிதாக்கிக் காற்றைச் சரிசெய்ய வேண்டும், குழாயில் தேங்கும் தண்ணீரை வடிக்க வேண்டும், அவ்வளவுதான். சீசன் முடிந்தால் வால்வை மூடிவிட்டுப் போகலாம். தீ சட்டிக்கு அடியில் சீராக எரிவதால் வறுவலும் ஒரே பதமாக வருகிறது, விறகில் அந்தப் பதம் பிடிக்க அனுபவமுள்ள ஆள் வேண்டும். பர்னர் எத்தனை சீசன் தாங்கும் என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு எங்களுக்கு இன்னும் வருஷம் ஆகவில்லை.

மாவு எடுத்தபின் மிஞ்சும் கிழங்குச் சக்கையான திப்பியையும் தொட்டியில் தள்ளலாமே என்று கேட்பார்கள். வேண்டாம். நார் மேலே மிதந்து ஆடை கட்டும், மாட்டுத் தீவனத்துக்கு விற்றால் காசு.

ஸ்டார்ச் மட்டும் எடுத்து களத்து வெயிலிலேயே காயவைக்கும் ஆலைக்கு அடுப்பே தேவையில்லை, அவர்களுக்கு என்ஜின்தான் சரி. ஆனால் என்ஜின் வாங்குவதற்கு முன்னால் கேஸ் வடிகட்டும் ஏற்பாட்டுக்குக் காசு ஒதுக்குங்கள், ஒன்றுக்கு இரண்டு டிரம்மாக, ஒன்றைக் காயவைக்கும்போது மற்றது ஓடும்படி.