கினிப்பன்றிக்குத் தீவனம் உதிரியாக வாங்குகிறீர்களா? முதலில் சாக்கைக் காட்டச் சொல்லுங்கள்

சின்னப் பிராணிதானே, செலவு என்ன பெரிதாக வந்துவிடும் என்று நினைத்து வாங்கியவன் நான். வாங்கிய பிறகு கணக்குப் பார்த்தால் மாதாமாதம் கையைக் கடித்தது. எங்கே குறைக்கலாம் என்று தேடிக்கொண்டிருந்தபோதுதான் இந்தக் கடைக்காரர் கிடைத்தார். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. இதே வியாபாரத்தை இன்னும் பலர் செய்துகொண்டிருப்பார்கள், ஒருவர் பெயரைச் சொல்லி மற்றவர்களைத் தப்பவிடுவானேன்.

எங்கள் வீட்டில் இரண்டு கினிப்பன்றிகள். வெள்ளையாக இருப்பது பஞ்சு, மற்றது கரி. கடைக்காரர் எனக்கு விற்றது 'மாதச் சிக்கன பேக்'. இரண்டு கிலோ குச்சித் தீவனம், கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கவரில், வாயை மடித்து மூன்று ஸ்டேப்ளர் பின். பெயர் கிடையாது, தேதி கிடையாது. கம்பெனி பாக்கெட்டில் பாதி விலை. "அதே சரக்குதான் சார். மேல இருக்கிற படத்துக்குத்தான் அவங்க காசு வாங்கறாங்க" என்றார். இன்னொன்றும் சொன்னார்: "இதுலயே எல்லாச் சத்தும் இருக்கு. காய்கறிச் செலவே வேண்டாம்."

அந்தக் கடைசி வரியில்தான் விழுந்தேன். தீவனத்தில் பாதி மிச்சம், காய்கறியில் முழு மிச்சம். காய் கொடுப்பதை வாரத்துக்கு ஒரு தடவை என்று குறைத்துவிட்டேன்.

கவர் சரசரக்கும் சத்தம் கேட்டாலே இரண்டும் கம்பியைப் பிடித்து நின்று விசிலடிக்கும். நாலாவது வாரம் முடிகிற சமயம் ஒரு காலையில் ஒரு குரல்தான் கேட்டது. பஞ்சு மூலையிலேயே உட்கார்ந்திருந்தது. சோம்பல் என்று நினைத்தேன். ரெண்டு நாள் கழித்து மகள் தூக்கியபோது வீல் என்று கத்தியது. பயத்தில் கத்துவது வேறு, இது வேறு. பின்னங்கால் முட்டி இரண்டும் தடித்திருந்தன. தாடைக்குக் கீழே எச்சில் ஊறி முடி ஒட்டியிருந்தது. தட்டில் தீவனம் அப்படியே கிடந்தது.

கடைக்காரருக்குத்தான் முதலில் போன் போட்டேன். இதுதான் என் இரண்டாவது தப்பு. "எங்கயாவது விழுந்திருக்கும் சார். வீட்ல குழந்தைங்களுக்குக் கொடுக்கிற அமாக்ஸிசிலின் சிரப் இருந்தா நாலு சொட்டு விடுங்க. டாக்டர்கிட்ட போனா வீணா செலவு." சிரப் அலமாரியில் இருந்தது. மூடியைக்கூடத் திறந்துவிட்டேன். மனைவிதான் தடுத்தாள். "ஒரு போன் பண்ணிக் கேட்டுட்டுக் குடுங்களேன்" என்றாள்.

கேட்டேன். கால்நடை மருத்துவர் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அமாக்ஸிசிலின் போன்ற பென்சிலின் வகை மருந்தை வாய்வழியாகக் கொடுத்தால் கினிப்பன்றி, முயல், ஹாம்ஸ்டர் போன்றவற்றின் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் அழிந்து, நச்சுப் பாக்டீரியா பெருகிவிடுமாம். சில நாளில் உயிரே போய்விடும். நாய்க்கும் குழந்தைக்கும் சாதாரண மருந்து, இதற்கு விஷம். "சாப்பிடாமல் எவ்வளவு நேரம்?" என்று கேட்டார். நேற்றிலிருந்து என்றேன். உடனே கொண்டுவரச் சொன்னார். இந்தப் பிராணிகளுக்குக் குடல் எந்நேரமும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அரை நாள், ஒரு நாள் சாப்பிடவில்லை என்றாலே அது அவசர கேஸ். காலையில் பார்க்கலாம் என்று தள்ளுகிற விஷயம் இல்லை.

தராசில் வைத்தார்கள். முந்தைய தடவை 930 கிராம். இப்போது 770. கண்ணெதிரே 160 கிராம் காணாமல் போயிருக்கிறது, முடி மறைத்ததில் எனக்குத் தெரியவில்லை. எக்ஸ்ரே எடுத்தார்கள், வாயைத் திறந்து பார்த்தார்கள். ஈறு வீங்கி இரத்தம் கசிந்திருந்தது. ஸ்கர்வி, அதாவது வைட்டமின் சி குறைவால் வரும் நோய் என்றார். கப்பல் மாலுமிகளுக்கு வருமென்று பள்ளியில் படித்தோமே, அதேதான்.

நாய், பூனை, முயல், எலி எல்லாம் வைட்டமின் சி-யை உடம்பிலேயே தயாரித்துக்கொள்ளும். கினிப்பன்றியால் முடியாது, நம்மைப் போல. ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராமாவது உள்ளே போக வேண்டும், குட்டிக்கும் சினையாக இருப்பதற்கும் 30 வரை. இரண்டு மூன்று வாரம் கிடைக்காவிட்டாலே நோய் தலைகாட்டும். அதனால்தான் கினிப்பன்றித் தீவனத்தில் தனியாக வைட்டமின் சி சேர்ப்பார்கள். அதுவும் காற்றும் வெளிச்சமும் ஈரமும் பட்டால் சிதைந்துகொண்டே போகும். தயாரித்துச் சுமார் மூன்று மாதத்தில் பாதி போய்விடும் என்பதால்தான் பாக்கெட்டில் தேதி பார்க்கச் சொல்கிறார்கள். என்னுடைய கவரில் பார்ப்பதற்கு ஸ்டேப்ளர் பின் மட்டும்தான் இருந்தது.

இதைப் பற்றிப் பிறகு தேடிப் படித்தேன். 1907-இல் நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற இரண்டு பேர் கினிப்பன்றிகளுக்கு வெறும் தானியத்தையே போட்டு வளர்த்தபோது அவற்றுக்கு ஸ்கர்வி வந்தது. அந்த நோய்க்குக் காரணம் சாப்பாட்டில் உள்ள குறை என்பது துலங்க அது பெரிய உதவி. நூறு வருஷத்துக்கு முன்பு ஆய்வுக்கூடத்தில் முடிந்துபோன பரிசோதனையைக் காசு கொடுத்து என் வீட்டுக் கூடத்தில் திரும்பச் செய்திருக்கிறேன்.

முதலில் வைட்டமின் சி ஊசி, பிறகு வாய்வழி மருந்து. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை சிரிஞ்சால் கூழ் ஊட்ட வேண்டும், ராத்திரியும். ஒரு வாரம் நானும் மனைவியும் முறை வைத்து எழுந்தோம். கரிக்கும் அதே குறை இருந்தது, ஆனால் லேசாக. வாரம் ஒரு தடவை போட்ட காயை அது முந்திக்கொண்டு தின்றதால் தப்பியிருக்க வேண்டும். இரண்டு பேக்கில் மிச்சம் பிடித்ததைப் போல ஏழெட்டு மடங்கு அந்த ஒரே வாரத்தில் போனது.

இனி செலவே செய்து தீர வேண்டும் என்று சொல்ல வரவில்லை. இப்போதும் குறைத்துத்தான் செய்கிறேன், இடம் பார்த்துக் குறைக்கிறேன். உலர்புல்லைச் சின்னப் பாக்கெட்டாக வாங்காமல் மொத்தக் கட்டாக வாங்கி, காற்றோட்டமான அட்டைப்பெட்டியில் வைக்கிறேன். அவை தின்பதில் பெரும்பகுதி அதுவாகத்தான் இருக்க வேண்டும், ஓயாமல் வளரும் பல் தேய்வதும் அதனால்தான். (உலர்புல் என்று கேட்டால் வைக்கோலைக் கட்டித் தருகிறவர்களும் உண்டு. கதிர் அறுத்த பிறகு மிஞ்சும் தாள் அது, படுக்கைக்கு ஆகும், சாப்பாட்டுக்கு ஆகாது.) சிவப்புக் குடைமிளகாயில் 100 கிராமுக்குச் சுமார் 120 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது. அப்படியென்றால் ஒரு பிராணிக்குத் தினம் ஒரு துண்டு போதும். ஒரு காய் இரண்டுக்கும் பல நாள் வருகிறது. தண்ணீரில் கலக்கும் வைட்டமின் சொட்டு மருந்தை நிறுத்திவிட்டேன், அது தண்ணீரிலேயே சீக்கிரம் வீணாகிவிடும். கூண்டில் தொங்கவிடும் உப்புக்கல்லும் தேவையில்லை. படுக்கைக்குப் பழைய கம்பளித் துணி, துவைத்துத் துவைத்துப் போடலாம். ஒளிந்துகொள்ள அட்டைப்பெட்டி. ஞாயிற்றுக்கிழமை தோறும் சமையலறைத் தராசில் எடை பார்த்து நோட்டில் எழுதுகிறேன். இந்த ஒரு வேலையை முன்னாடியே செய்திருந்தால் இந்தப் பதிவே வந்திருக்காது.

பஞ்சு இப்போது 880 கிராம். இடது முட்டி இன்னும் கொஞ்சம் தடிப்பாகத்தான் இருக்கிறது.

போன வாரம் அந்தக் கடைக்குப் போனேன். சண்டைக்கு நிற்கவில்லை. "இந்தத் தீவனம் வர்ற மூட்டையைக் கொஞ்சம் பார்க்கலாமா?" என்று மட்டும் கேட்டேன். முதலாளி பேச்சை மாற்றினார். கடைப் பையன் விவரம் தெரியாமல் உள்ளே போய்ச் சாக்கை இழுத்துக்கொண்டு வந்துவிட்டான். சாக்கின் மேல் பெரிதாக முயல் படம். முயல் தீவனத்தில் வைட்டமின் சி சேர்ப்பதில்லை, முயலுக்கு அது வேண்டியதும் இல்லை. ஓரத்தில் தைத்திருந்த சீட்டில் தயாரித்த தேதி, பதினோரு மாதத்துக்கு முந்தையது.

"ரெண்டும் புல்லு திங்கிற ஜீவன்தானே சார், என்ன பெரிய வித்தியாசம்" என்றார். பிரித்த பேக்குக்குப் பணம் திருப்பித் தரும் வழக்கம் இல்லையாம். மருத்துவச் செலவுச் சீட்டை நீட்டினேன், வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. நான் வாசலுக்கு வந்த பிறகு பின்னாலேயே வந்து, "ரெகுலர் கஸ்டமர் நீங்க, கோவிச்சுக்காதீங்க சார். அடுத்த மாசப் பேக் ஃப்ரீயாத் தர்றேன்" என்றார்.